ஹாம்லெட்டும் விரிச்சியும்

வெள்ளவத்தையில இருந்து பஸ்ல போகேக்க ஷேக்ஸ்பியரின்ர ஹாம்லெட் நாடகத்தைத் திரும்ப வாசிச்சன். கடைசி அங்கத்தில, வாள் போட்டிக்கு முதல் ஹாம்லெட்டுக்கு மனசுக்குள்ள ஏதோ சரியில்ல, கூட்டாளி ஹொரேஷியோ வேண்டாமெண்டா நிப்பாட்டுவம் எண்டுறான், ஹாம்லெட்டோ ‘ஓகியுரி’யை நாங்க மதிக்கிறேல்ல எண்டிட்டு போறான். பறவையளைப் பாத்து ரோமர் குறி சொன்ன முறைதான் அது, அதாலதான் உடனேயே சிட்டுக்குருவி விழுறதைப் பற்றி அவன் பேசுறது எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஜூலியஸ் சீசர்லயும் குறிகாரர் வருவினம், பலி குடுத்த மிருகத்துக்குள்ள இதயத்தையே காணேல்ல, அப்பவும் சீசர் போறார்.

ஆனா எனக்கு எங்கட சங்கப் பாட்டு முல்லைப்பாட்டுதான் இதுகளுக்கெல்லாம் மேல. 103 அடிதான். போருக்குப் போனவன் வருவானோ எண்டு தெரியாம தலைவி இருக்கிறா, வயசான பெண்கள் நெல்லும் முல்லைப்பூவும் தூவிக் கும்பிட்டிட்டு விரிச்சி, அதாவது ஆரோ தற்செயலாச் சொல்லுற சொல்லைக் குறியாக் கேக்க நிக்கினம். அங்க குளிருக்குக் கையைக் கட்டிக்கொண்டு மாடு மேய்க்கிற ஆயர் குலத்துப் பெண் ஒருத்தி, தாயைத் தேடுற கண்டுக்குட்டிட்ட உன்ர அம்மா இப்ப வந்திடுவா எண்டு சொல்லுறாள், அவ்வளவுதான், அதையே நல்ல குறியா எடுத்துக்கொண்டு வந்து தலைவிக்குச் சொல்லினம். அந்தப் பெண்ணுக்கு தான் குறி சொன்னதே தெரியாது! இப்படி ஒரு இடத்தை நப்பூதனார் எழுதி வச்சிருக்கிறார், ஷேக்ஸ்பியர் படிக்கிற எங்கட பிள்ளையள் இதையும் பக்கத்தில வச்சுப் படிக்கவேணும்.