காரைக்குடி முதல் பிரான்மலை வரை: ஒரு சைக்கிள் தடம் உருவாகும் நாட்கள்

2025 நவம்பர் 16, ஞாயிறு

காரைக்குடியிலிருந்து பிரான்மலை வரை, தார்ச்சாலையை இயன்றவரை தொடாமல், மலைச் சைக்கிளில் ஒரே பகலில் போய்ச் சேரும்படி ஒரு வழி வகுக்க வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று காலை உட்கார்ந்து அந்த வேலையைத் தொடங்கிவிட்டேன். செட்டிநாட்டில் ஏது மலை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். குன்றக்குடியில் முருகன் இருப்பது குன்றின் மேல். பிள்ளையார்பட்டியில் பிள்ளையார் இருப்பது குன்றைக் குடைந்த குகைக்குள். அங்கிருந்து வடமேற்கே போகப் போகப் பாறைத் திட்டுகள் தலைகாட்டும். கடைசியில், பாரியின் பறம்புமலை என்று சொல்லப்படும் பிரான்மலை எழுந்து நிற்கும். சைக்கிளுக்கு இந்த ஏற்ற இறக்கம் தாராளமாகப் போதும்.

ஒரு சிக்கல் முதல் நாளே தெரிந்துவிட்டது. என்னிடம் உள்ள 1:50,000 அளவு வரைபடத்தில் சம உயரக் கோடுகள் உயரத்தில் 20 மீட்டருக்கு ஒன்றாகத்தான் வருகின்றன. நம் ஊர்க் கண்மாய்க் கரையின் உயரமோ சில மீட்டர்தான். கால் கடுக்க மிதித்து ஏற வேண்டிய கரைகள் எல்லாம் இரண்டு கோடுகளுக்கு நடுவே மறைந்துபோக, படத்தில் அந்த நிலம் சமதளமாகவே தெரிகிறது. மொத்த ஏற்றம் எவ்வளவு என்று கணினி சொல்லும் எண்ணை நம்பி யாரையும் அழைத்துச் செல்லக் கூடாது என்று குறித்துக்கொண்டேன்.

நவம்பர் 19, புதன்

வழியை வரைவதற்கு முன் அது யாருடைய நிலம் என்று பார்ப்பதுதான் முறை. எந்தப் புலம் என்ன வகை நிலம் என்று சொல்லும் வருவாய்த் துறையின் அ-பதிவேட்டை இணையத்தில் எடுத்து, நான் கோடு போட்டிருந்த புல எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். வண்டிப்பாதை என்றோ பாதைப் புறம்போக்கு என்றோ பதிவாகியிருந்தவற்றைப் பச்சையிலும், பட்டா நிலத்தின் ஊடே போகும் ஒற்றையடிப்பாதைகளைச் சிவப்பிலும் குறித்தேன். சிவப்பு என்றால் அந்த வழியைக் கைவிட வேண்டும் என்று பொருளில்லை; உழுகிறவரை நேரில் பார்த்துக் கேட்காமல் போகக் கூடாது என்று பொருள். ஊரார் காலங்காலமாக நடக்கிற வரப்பில் நடந்து போகிறவரை யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் பத்துச் சைக்கிள் வரிசையாகப் போனால் அந்த வரப்பு மழைக்கு நிற்காது.

நவம்பர் 23, ஞாயிறு

குன்றக்குடி வரை தார்ச்சாலையை ஒட்டிய செம்மண் தடத்தில் போய், அங்கிருந்து பிள்ளையார்பட்டிக்கு உட்பாதையில் முதல் சோதனை ஓட்டம். இரண்டு ஊருக்கும் இடையே சாலை வழியே 3 கிலோமீட்டர் அளவுதான் இருக்கும். எனக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது.

காரணம் சீமைக்கருவேலம். யாரோ வேலி அடைப்பதற்காக வெட்டிப்போட்ட கிளைகள் தடத்தின் குறுக்கே சிதறிக் கிடந்தன. இறங்கிப் பின்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தபோது ஏழு முட்கள் ஏறியிருந்தன. காய்ந்த முள் பழுப்பு நிறத்தில், நுனி மட்டும் கருத்து, ஆணியைப் போல நேராக நிற்கிறது. என்னுடையது டியூப் இல்லாத டயர்; முள்ளைப் பிடுங்கினால், உள்ளே ஊற்றியிருக்கும் சீலண்ட் என்ற ஓட்டையடைக்கும் திரவம் ஓட்டை வழியே வெள்ளையாகக் கொப்பளித்து வந்து, சக்கரத்தை இரண்டு சுற்றுச் சுற்றியதும் அடைத்துக்கொள்கிறது. ஆறு ஓட்டைகள் அப்படி அடைபட்டன. ஏழாவது முள் டயரின் பக்கவாட்டில் ஏறியிருந்ததால் அடைபடவில்லை. உள்ளே டியூப் போட்டுத்தான் வீடு வந்து சேர்ந்தேன். இந்தத் தடத்தில் வருகிறவர்கள் டியூப்லெஸ் டயருடன் மட்டுமே வர வேண்டும். கூடவே ஒரு மாற்று டியூபும் கைப்பம்பும் கட்டாயம்.

டிசம்பர் 7, ஞாயிறு

மழை விட்டபின் போய்ப் பார்த்ததுதான் நல்லதாயிற்று. இல்லாவிட்டால் பெரிய தவறு செய்திருப்பேன்.

பிள்ளையார்பட்டியைத் தாண்டி வடக்கே, செயற்கைக்கோள் படத்தில் வெளிர் நிறத்தில் பளிச்சென்று ஒரு கோடு தெரிகிறது. வளைந்து வளைந்து, கருவேலங்காட்டைப் பிளந்துகொண்டு நேரே ஒரு கண்மாய்க்குப் போகிற அந்தக் கோட்டை, இந்தத் தடத்திலேயே அருமையான பகுதி என்று நினைத்து முதலில் குறித்து வைத்திருந்தேன். இன்று போய் நின்றால் முழங்காலளவு தண்ணீர் செங்காவி நிறத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. மேட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆத்தா ஒருவர் என்னையும் சைக்கிளையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, அது தண்ணி வர்ற வழிப்பா. ஆளு வர்ற வழி அங்கிட்டு இருக்கு" என்று கைகாட்டினார்.

அது கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால். கோடையில் ஆளும் ஆடும் அதற்குள்ளேயே நடப்பதால் மணல் வெளுத்து, மேலிருந்து பார்க்கப் பாதையாகத் தெரிகிறது. காய்ந்திருக்கும்போதும் அதில் சைக்கிள் விடுவது தவறு என்பதே என் கருத்து. சக்கரம் கரையைச் சரித்தால் மண் கால்வாயில் விழும். அடுத்த மழையில் அந்த மண்தான் கண்மாய்க்குள் போய்ப் படியும். அவர் காட்டிய பாதை படத்தில் எங்கும் தெரியவில்லை. மஞ்சணத்தி மரங்களின் கீழே, இரண்டு முழ அகலத்தில், செம்புறாங்கல் பாறைமேல் ஏறி இறங்கிப் போகிறது. சரளை, காய்ந்திருந்தால் சக்கரத்தின் கீழ் உருண்டுவிடும். இன்று ஈரத்தில் மண்ணோடு பிடித்துக்கொண்டு கெட்டியாக இருந்ததால், கீழ்க் கியரில், சைக்கிளைவிட்டு இறங்காமலே ஏற முடிந்தது. அந்தப் பாதையை எனக்குக் காட்டியவருக்கு நன்றி சொன்னபோது, கண்மாய் நிறைந்து மிகுதி நீர் வெளியேறும் கலுங்கு பாய்கிறது, அந்தப் பக்கம் மட்டும் போக வேண்டாம் என்று மறுபடியும் எச்சரித்து அனுப்பினார்.

வரைபடத்தில் இருந்த எல்லா வெளிர்க் கோடுகளையும் இரவு அழித்துவிட்டேன். ஒவ்வொன்றையும் நடந்து பார்த்தபின்தான் திரும்ப வரைய வேண்டும்.

டிசம்பர் 14, ஞாயிறு

பிள்ளையார்பட்டிக்கு மேற்கே இரண்டு வழிகள். தெற்கு வழி திருப்பத்தூர், கொள்ளுக்குடிப்பட்டி, சிங்கம்புணரி என்று போகிறது. தூரம் குறைவு, கரைகள் நல்ல கரைகள். வடக்கு வழி நெற்குப்பைப் பக்கமாகப் பாறையும் பொட்டலுமாகச் சுற்றிப் போகிறது. தண்ணீருக்கும் கடைக்கும் இடைவெளி அதிகம்.

வடக்கு என்று முடிவு செய்துவிட்டேன். கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிக் கண்மாய்கள் 1977 முதல் பறவைகள் சரணாலயம். மழைக்குப்பின் வரும் பறவைகள் கண்மாய்க்குள் இருக்கும் மரங்களில் கூடு கட்டி, மாசி வரை குஞ்சு வளர்க்கின்றன. அவை மிரளக் கூடாது என்பதற்காகத் தீபாவளிக்குக்கூட வெடி போடாமல் இருக்கும் ஊர் அது. பிள்ளைகள் வெடியை விட்டுக்கொடுத்திருக்கும் ஊரின் கரைமேல் நாம் பிரேக் கிறீச்சிட, கூச்சலிட்டுக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை. பறவை பார்க்க விரும்புகிறவர்கள் இன்னொரு நாள் நடந்து வரட்டும்.

டிசம்பர் 21, ஞாயிறு

வடக்கு வழியில் பிரான்மலை அடிவாரம் வரை முழுத்தடமும் முதன்முறையாக ஓட்டியாயிற்று. நெற்குப்பையைத் தாண்டியதும் தைலமரக் காட்டுக்குள் ஒரு வண்டிப்பாதை கிடைத்தது. இரண்டு தடத்துக்கும் நடுவே புல் முளைத்த பழைய பாதை. அங்கிருந்து மலை கண்ணைவிட்டு மறையவே இல்லை. மலைமேல் தர்காவுக்கு ஏறும் பாதையில் சைக்கிள் வேண்டாம். கொடுங்குன்றநாதர் கோயில் பக்கம் சைக்கிளைப் பூட்டிவிட்டு, ஏற விரும்புகிறவர்கள் நடந்து ஏற வேண்டும்.

எப்போது போவது என்பதில்தான் நீண்ட யோசனை. தைப்பூசம் பிப்ரவரி 1ஆம் தேதி வருகிறது. அதற்கு முந்தைய நாட்களில் நகரத்தார் காவடி குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்கு நடந்து போகும். பூசம் முடிந்து திரும்பி வருகிறவர்களும் நடந்தே வருவார்கள். காலில் கொப்புளத்தோடு வருகிறவர்களுக்குப் பின்னால் மணியடித்து வழிகேட்கக் கூடாது. அறுவடையும் அதற்குள் முடிந்துவிடும். ஆகவே பிப்ரவரி 22, ஞாயிறு, விடியற்காலை ஐந்து மணிக்குக் காரைக்குடியிலிருந்து புறப்படுகிறோம். எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம்.

சிவப்பில் குறித்த இடங்களில் இன்னும் ஒன்று பாக்கி. நெற்குப்பைக்கு முன்னால் வரும் கடலைக் கொல்லையின் உரிமையாளர் பொங்கலுக்குத்தான் ஊருக்கு வருவாராம். அவர் சம்மதிக்காவிட்டால் தார்ச்சாலையில் 2 கிலோமீட்டர் சுற்றிப் போகும்படி மாற்றுவழியையும் வரைந்து வைத்திருக்கிறேன்.