மாதம் 36 டாலர் 67 சென்ட்: ஜாஸ் கால அமெரிக்காவின் தவணைக் கணக்கு

1920களின் அமெரிக்கா என்றால் குட்டைப் பாவாடைப் பெண்கள், கள்ளச்சாராய விடுதிகள், டிரம்பெட் ஊதும் லூயி ஆர்ம்ஸ்ட்ராங் என்று படங்கள் வரிசைகட்டி வந்துவிடும். அதெல்லாம் பொய்யில்லை. ஆனால் சாதாரணக் குடும்பத்தின் அன்றாடத்தைப் புரட்டிப்போட்டது ஒரு துண்டுக் காகிதம், தவணை ஒப்பந்தம். கார், ரேடியோ, கிராமபோன், துணி துவைக்கும் இயந்திரம் பெரும்பாலும் அதில் கையெழுத்துப் போட்டுத்தான் வீட்டுக்குள் வந்தன. 1930இல் மக்கள் செலவை இறுக்கிப் பிடித்ததற்கும் அந்தக் காகிதத்தின் ஷரத்துகளே பெரிய காரணம் என்பது என் கட்சி. அதனால் ஷரத்துகளைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்துவிடலாம்.

தவணை வியாபாரம் பழசுதான். சிங்கர் கம்பெனி 1850களிலேயே தையல் இயந்திரத்தை அப்படி விற்றது. பியானோவும் அப்படித்தான் போனது. ஆனால் கௌரவமான குடும்பம் தவணையில் வாங்குவதை வெளியே சொல்லிக்கொள்ளாது. அந்தக் கூச்சத்தை உடைத்தது கார்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று: கார்க் கடன் தொடங்கியது வாங்குபவரை நினைத்து அல்ல, டீலரை நினைத்து. அன்றைய கார்களுக்கு மேலே ஒரு துணிக்கூரை மட்டும். சாலைகள் சேறு. பனிக்காலத்தில் யார் வாங்குவார்? விற்பனை எல்லாம் வசந்தத்தில் குவியும். தொழிற்சாலையோ ஆண்டு முழுக்க ஒரே வேகத்தில் ஓடினால்தான் கட்டுப்படியாகும். செய்த வண்டிகளை நிறுத்தி வைக்க இடமும் இல்லை, பணத்தை முடக்கவும் மனமில்லை. ஆகவே டிசம்பரிலேயே டீலர் தலையில் கட்டுவார்கள். டீலர் வண்டியை எடுக்கும்போதே ரொக்கம் கொடுக்க வேண்டும். வங்கிகளுக்குக் கார் ஆடம்பரப் பொருள். அதன் மேல் கடன் கொடுக்கத் தயங்கின. இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் ஜெனரல் மோட்டார்ஸ் 1919இல் ஜி.எம்.ஏ.சி. என்ற தன் சொந்த பைனான்ஸ் கம்பெனியைத் தொடங்கியது. பின்னணியில் இருந்த மூளை ஜான் ராஸ்கோப். டீலரின் கையிருப்புக்கும் கடன், வாங்குபவரின் தவணைக்கும் கடன், இரண்டும் ஒரே கூரையின் கீழ்.

ஹென்றி ஃபோர்டுக்குக் கடன் என்றாலே ஆகாது. 1920-21 மந்தத்தில் அவர் செய்தது வேறு மாதிரி: கேட்காத வண்டிகளை டீலர்களுக்கு அனுப்பி, பணத்தைக் கட்டு என்றார். அவர்கள் உள்ளூர் வங்கிகளில் ஓடிக் கடன் வாங்கினார்கள். ஆக, ஃபோர்டு கடன் வாங்கவில்லை, டீலர்கள் வாங்கினார்கள். 1923இல் வாடிக்கையாளருக்கும் ஒரு திட்டம் கொண்டுவந்தார். வாரம் 5 டாலர் கட்டு, வங்கியில் வட்டியோடு சேரும், முழு விலையும் சேர்ந்ததும் வண்டியை எடுத்துக்கொள். சேமிப்புப் பழக்கத்துக்கு நல்லதுதான். ஆனால் எதிர்க்கடையில் ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே வண்டியை இன்றைக்கே ஓட்டிக்கொண்டு போகச் சொல்லும்போது யார் காத்திருப்பார்கள்? திட்டம் படுத்துவிட்டது. 1908இல் 850 டாலருக்கு வந்த ஃபோர்டின் மாடல் டி கார், 1925இல் அதன் மலிவான வகை 260 டாலருக்கு இறங்கியும், 1927இல் உற்பத்தியை நிறுத்த வேண்டி வந்தது. அடுத்த ஆண்டே ஃபோர்டும் யுனிவர்சல் கிரெடிட் என்று பைனான்ஸ் கம்பெனி ஆரம்பித்தார்.

இப்போது காகிதத்துக்கு வருவோம். கணக்குக்காக 600 டாலர் கார் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒரு பங்கு முன்பணம், 200. மிச்சம் 400. அதன் மேல் பைனான்ஸ் கட்டணமும் தீ, திருட்டு இன்சூரன்ஸும் சேர்த்து 40 என்று வையுங்கள். 440ஐ 12 மாதத்தில் கட்ட வேண்டும், அதாவது மாதம் 36 டாலர் 67 சென்ட். ஆலைத் தொழிலாளியின் ஆண்டுச் சம்பளம் அப்போது ஏறத்தாழ 1300 முதல் 1500 டாலர். மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை இந்த ஒரு டியூ விழுங்கிவிடும்.

40 டாலர் என்றால் 10 சதவீதம்தானே என்று தோன்றும். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால் உண்மையான ஆண்டு வீதம் 18 சதவீதத்தை ஒட்டி வரும். நியூயார்க்கில் சட்டப்படியான உச்ச வட்டி 6 சதவீதம். பிறகு எப்படி? நீதிமன்றங்கள் இதை வட்டி என்றே கொள்ளவில்லை. விற்பவர் ஒரு பொருளுக்கு ரொக்க விலை ஒன்றும் தவணை விலை ஒன்றும் வைக்கலாம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் விலையின் பகுதி என்றார்கள். கந்துவட்டிச் சட்டம் எட்டிப்பார்க்க முடியாத இடம் அது.

அடுத்த ஷரத்து இதைவிடக் கடுமை. கடைசித் தவணை கட்டும்வரை வண்டி விற்றவருக்கே சொந்தம். வாங்கியவர் ஓட்டலாம், அவ்வளவே. ஒரு டியூ தவறினால் மிச்சத் தொகை முழுவதும் உடனே கட்ட வேண்டியதாகிவிடும். முடியாவிட்டால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். நம் ஆள் 9 தவணை ஒழுங்காகக் கட்டிவிட்டு வேலை இழக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்பணத்தோடு சேர்த்து 530 டாலர் கட்டியாயிற்று, பாக்கி 110 மட்டும். பழைய வண்டியாக விற்றாலும் 110ஐவிட நிறையவே போகும். ஆனால் அந்த உபரி கட்டியவர் கைக்கு வருவது அபூர்வம். கட்டியது எல்லாம் போயிற்று. கடைசி மாதங்களை நெருங்க நெருங்கத் தவறுவதன் விலை கூடிக்கொண்டே போகும். இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 1930க்கு வரும்போது வேண்டும்.

1920களின் நடுப்பகுதியில் விற்ற கார்களில் நாலில் மூன்று தவணையில் போனவை. பதிவான பயணிகள் கார் 1920இல் சுமார் 80 லட்சம், 1929இல் 2 கோடியே 30 லட்சம். இண்டியானாவின் மன்சி நகரில் 1924-25இல் ஆய்வு செய்த ராபர்ட், ஹெலன் லிண்ட் தம்பதி, கார் வைத்திருந்த ஏழைத் தொழிலாளர் குடும்பங்களில் 26இடம் குளியல்தொட்டி உண்டா என்று கேட்டார்கள். 21 வீட்டில் இல்லை. தொட்டியில் ஏறி ஊருக்குப் போக முடியாதே! பெற்றோர் கண்ணெதிரே வரவேற்பறையில் நடந்த காதல் இப்போது நகருக்கு வெளியே இருட்டுச் சாலைக்குப் போனது. பாதிரியார்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் குறைவதைச் சொல்லிப் புலம்பினார்கள்.

காரும் மாறியது. கண்ணாடிக் கதவோடு மூடிய வண்டிகள் 1924இல் மொத்தத்தில் 43 சதவீதம், 1927இல் 85. மின்சார ஸ்டார்ட்டர் பரவியதும், பற்றவைப்பு லீவரைத் தாமதிக்க மறந்து கிராங்கை (எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியை)ச் சுற்றி மணிக்கட்டை உடைத்துக்கொள்ளும் ஆபத்து போனது, பெண்கள் ஓட்டுவது பெருகியது. மூடிய வண்டியைப் பனியிலும் ஓட்டலாம் என்பதால் டிசம்பர் பிரச்சினையும் தளர்ந்தது. பழைய காரையே முன்பணமாகக் கொடுக்கும் வழக்கமும், ஆண்டுக்கொரு புது மாடலும் சேர்ந்தபோது, கட்டி முடித்த கையோடு அடுத்த ஒப்பந்தத்துக்கு ஆள் தயார்.

ரேடியோ வேறு ரகம். பிட்ஸ்பர்க்கின் கே.டி.கே.ஏ. நிலையம் 1920 நவம்பர் 2 அன்று தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பியது. 1930 கணக்கெடுப்பில் 40 சதவீத வீடுகளில் ரேடியோ. இடையில் அதை வைத்துப் பராமரித்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. விளம்பரத்தில் போடும் விலை வெறும் பெட்டிக்கு மட்டும். வால்வு (சிக்னலைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்), ஒலிபெருக்கி, பேட்டரி எல்லாம் தனி. 'ஏ' பேட்டரி கார் பேட்டரி மாதிரி 6 வோல்ட் அமில ரகம், வால்வின் இழையைச் சூடாக்க. 201ஏ வால்வு ஒவ்வொன்றும் கால் ஆம்பியர் இழுக்கும். ஐந்து வால்வுக்கு ஒன்றேகால் ஆம்பியர், 100 ஆம்பியர்-மணி பேட்டரி 80 மணி நேரம் தாங்கும். தினம் 4 மணி நேரம் கேட்டால் 20 நாளில் சார்ஜுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அமிலம் சிந்திக் கம்பளம் ஓட்டையாவது சகஜம். 'பி' என்பது 45 வோல்ட் உலர் பேட்டரி இரண்டு, சேர்த்து 90 வோல்ட். அந்தக் கம்பியைத் தவறி 'ஏ' முனையில் தொட்டால் 5 வோல்ட் இழைகள் ஐந்தும் ஒரே நொடியில் போய்விடும். நிலையம் பிடிக்க மூன்று டயல்களைத் தனித்தனியே திருப்பி ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். பிடிபட்ட எண்களை ஒரு தாளில் குறித்து வைப்பார்கள். 1927க்குப் பிறகு நேரே மின்சாரத்தில் ஓடும் வால்வுகள் வந்து, ரேடியோ பொறியியல் பொழுதுபோக்கு என்ற நிலையிலிருந்து வீட்டு மரச்சாமானாக மாறியது. பழைய பேட்டரி செட்டுக்குத் தவணை கட்டிக்கொண்டிருந்தவர்களை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

ஜாஸ் இதில் எங்கே வருகிறது? மரச்சாமான் கடை வழியாக. பாரமவுன்ட் இசைத்தட்டுகளை வெளியிட்டது விஸ்கான்சின் சேர் கம்பெனி, நாற்காலி செய்தவர்கள். கிராமபோன் பெட்டி செய்யத் தொடங்கினார்கள். பெட்டி விற்க வேண்டுமென்றால் தட்டு வேண்டும். ஓகே நிறுவனம் 1920இல் கறுப்பினப் பாடகி மேமி ஸ்மித்தைப் பதிவு செய்து, கறுப்பின மக்கள் தட்டு வாங்க எவ்வளவு ஆவலாக இருக்கிறார்கள் என்று காட்டியதும் பாரமவுன்ட்டும் அந்தப் பக்கம் திரும்பி, மா ரெய்னி, பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன் என்ற புளூஸ் பாடகர்களைப் பதிவு செய்தது. தட்டு செய்த சரக்கோ மட்டம், இரைச்சல் பாட்டை மூடும். ஜெனட் நிறுவனம் ஸ்டார் பியானோ கம்பெனியுடையது. இண்டியானாவின் ரிச்மண்டில் ரயில் பாதையை ஒட்டிய அதன் ஸ்டுடியோவில்தான் 1923 ஏப்ரலில் கிங் ஆலிவர் குழுவோடு ஆர்ம்ஸ்ட்ராங் முதன்முதலாகப் பதிவானார். ரயில் போகும்போது பதிவை நிறுத்த வேண்டும். மைக்ரோஃபோன் கிடையாது, ஒரு கொம்புக்குழாய்க்கு முன்னால் நின்று வாசிக்க, ஒலியின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கீறும். டிரம் பலமாக அடித்தால் ஊசி எகிறிவிடும் என்பதால் குழுவின் டிரம்மர் பேபி டாட்ஸ் மரக்கட்டைகளைத் தட்டினார். அந்தத் தட்டுகளை மட்டும் கேட்டு, ஆரம்ப ஜாஸில் தாளம் மெலிந்திருந்தது என்று முடிவுகட்டுவது தவறு. 1925இல் மின்பதிவு வந்த பிறகுதான் இந்தத் தடை விலகியது.

மின்சாரம் 1920இல் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்ட வீடுகளில், 1930இல் மூன்றில் இரண்டில். பல வீடுகளில் விளக்கு மாட்டும் இடம் மட்டும் இருந்தது. இஸ்திரிப்பெட்டியையும் அங்கேயே சொருகினார்கள், பியூஸ் போகும். மின் கம்பெனிகளே கடை வைத்துச் சாதனங்களை விற்று, தவணையை மாதாந்திர பில்லோடு சேர்த்து வசூலித்தன. பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் 1930இலும் மின்சாரம். கோதுமை விலை 1919இல் புஷலுக்கு (தானிய அளவு) 2 டாலருக்கு மேல், இரண்டே ஆண்டில் பாதிக்குக் கீழே வந்துவிட்டது. போர்க்கால விலையை நம்பி நிலத்தை அடகு வைத்தவர்கள் மூழ்கினார்கள், அவர்களோடு சிறு ஊர் வங்கிகளும். 1921 முதல் 1929 வரை 5000க்கு மேற்பட்ட வங்கிகள் மூடின. ஜாஸ் காலம் நகரத்துக் காலம்.

பங்குச் சந்தையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். மார்ஜின் கணக்கும் தவணையின் அண்ணன் தம்பிதான் என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். 100 டாலர் பங்குக்கு 20 கையிலிருந்து, 80 தரகரின் கடன். விலை 90க்கு இறங்கினால் உங்கள் பணத்தில் பாதி போயிற்று. மேலும் பணம் கட்டு என்று தந்தி வரும், கட்டாவிட்டால் விற்றுவிடுவார்கள். விற்க விற்க விலை சரியும், அடுத்தவருக்குத் தந்தி போகும். மாதம் 15 டாலர் போட்டால் எவரும் பணக்காரராகலாம் என்று 1929 ஆகஸ்டில் ஒரு பெண்கள் பத்திரிகையில் சொன்னவர், ஜி.எம்.ஏ.சி.க்குப் பின்னணியில் இருந்த அதே ராஸ்கோப். அக்டோபர் 28, 29 இரண்டே நாளில் பங்கு விலைகளை அளக்கும் டவ் குறியீடு முறையே ஏறத்தாழ 13, 12 சதவீதம் விழுந்தது.

ஆனால் பங்கு வைத்திருந்தவர்கள் சிறுபான்மை. பிறகு ஏன் 1930இல் நாடு முழுக்கச் செலவு அப்படி நின்றது? பொருளாதார வரலாற்றாசிரியர் மார்த்தா ஓல்னி சொல்லும் விளக்கம்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. வேலை போகுமோ என்ற பயம் வந்தது. டியூவைத் தவறவிட்டால் கட்டியது அத்தனையும் போகும். அதனால் குடும்பங்கள் டியூவைக் கட்டின. மற்ற எல்லாவற்றையும் வெட்டின. உடுப்பு, செருப்பு, புதுப் பொருள் எதையும் தொடவில்லை. வண்டி பறிமுதல் பெரிதாகக் கூடவில்லை, பைனான்ஸ் கம்பெனிகளின் புத்தகம் சுத்தமாகவே இருந்தது. கடைகளும் ஆலைகளும் காய்ந்தன. 1929இல் 53 லட்சமாக இருந்த மோட்டார் வாகன உற்பத்தி 1930இல் 34 லட்சம், 1932இல் 13 லட்சம்.

1930களின் பிற்பாதியில் முன்பணம் குறைந்தது, தவணைக் காலம் நீண்டது. தவறினால் இழப்பதும் அதனால் குறைந்தது. 1938இல் மறுபடி மந்தம் வந்தபோது, கட்ட முடியாதவர்கள் வண்டியை விட்டுவிட முடிந்தது. மக்களின் செலவு 1930இல் சரிந்த மாதிரி சரியவில்லை.