பழக்கமா, பிடித்தமா?

என் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையாகத்தான் தெரிந்தது. போன தடவை வாங்கிய சலவைத்தூளையே ஒருவர் இந்தத் தடவையும் வாங்குகிறார். முன்பு வாங்கியதுதான் அதற்குக் காரணமா?

குடும்பங்களின் கடை ரசீதுகள்தான் தரவு; அதைச் சரிசெய்யவே இரண்டு மாதம் போனது. ரசீதில் வாங்கிய பிராண்டின் விலை மட்டுமே இருக்கும். வாங்காமல் விட்டவற்றின் விலையை, அதே கடையில் அதே வாரம் மற்றவர்கள் கொடுத்ததை வைத்து நிரப்பினேன்.

அப்புறம் லாஜிட் மாதிரி, அதாவது ஒருவர் எந்தப் பிராண்டை எடுக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணிக்கும் சமன்பாடு. 1983-இல் சந்தையியல் ஆய்வாளர்கள் குவாடாக்னியும் லிட்டிலும் செய்ததுபோல, ஒவ்வொரு பிராண்டுக்கும் ஒரு விசுவாச எண் வைத்தேன். ஒவ்வொரு முறையும் பழைய எண்ணை 0.875-ஆல் பெருக்கி, வாங்கிய பிராண்டுக்கு மட்டும் 0.125 கூட்ட வேண்டும். அதன் கெழு, அதாவது தேர்வை அது எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும் எண், மிகப் பெரிதாக வந்தது. பழக்கத்தைப் பிடித்துவிட்டேன் என்று நம்பி ஒரு அத்தியாயமே எழுதினேன்.

படித்துவிட்டு வழிகாட்டி ஒன்றுதான் சொன்னார்: "ஒவ்வொரு குடும்பமும் வாங்கின வரிசையைக் கலைச்சுப் போட்டு, திரும்ப ஓட்டிப் பாருங்க." வரிசை கலைந்தால் 'போன தடவை' என்பதற்கே அர்த்தமில்லை, பழக்கம்தான் காரணம் என்றால் கெழு சரிய வேண்டும். அது ஏறக்குறைய அப்படியே நின்றது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

யோசித்தால் காரணம் தெளிவு. ஒரு பிராண்டை முதலிலிருந்தே பிடித்தவர் எந்த வரிசையிலும் அதைத்தான் வாங்குவார். பழைய கொள்முதல் அவருடைய விருப்பத்தின் அடையாளம், அவ்வளவுதான். பழக்கத்தையும் விருப்பத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று பொருளியலாளர் ஹெக்மன் 1981-லேயே எழுதியிருக்கிறார். நான் எல்லாருக்கும் ஒரே ரசனை என்று வைத்திருந்தேன்.

அதனால் விசுவாச எண்ணை எடுத்தேன். அது பாதிக்குப் பாதி பழக்கத்தை அல்ல, விருப்பத்தைத்தான் அளந்துகொண்டிருந்தது. போன தடவை வாங்கியதா இல்லையா என்பதை மட்டும் வைத்து, குடும்பத்துக்குக் குடும்பம் விருப்பம் மாறும்படி, ஒவ்வொரு குடும்பத்தையும் மற்றக் குடும்பங்களின் பொதுப் பரவலோடு சேர்த்து மதிப்பிடும் படிநிலை பேய்சியன் முறைக்குப் போனேன். அந்த விருப்பங்களை விவரிக்க, மணி வடிவில் அமையும் இயல்நிலைப் பரவல் ஒன்று மட்டும் போதவில்லை. ரசனைகள் கொத்துக் கொத்தாக இருந்ததால் பல பரவல்களைக் கலக்க வேண்டியிருந்தது. கணினியில் ஒவ்வொரு ஓட்டமும் விடிய விடிய நடந்தது. தரவில் உள்ள முதல் கொள்முதல் ஒருவரின் வாழ்க்கையில் முதலாவது இல்லையே என்ற சிக்கல் வேறு. ஆரம்ப மாதங்களைத் தனியே ஒதுக்கிச் சமாளித்தேன். அதில் இன்னும் எனக்கு முழுத் திருப்தி இல்லை.

கடைசியில் கெழு பாதிக்கும் கீழே இறங்கியது, ஆனால் மறையவில்லை. வரிசையைக் கலைத்தபோது மட்டும் சுழியை ஒட்டிப் படுத்துக்கொண்டது. அப்படியானால் மிஞ்சியது உண்மையான பழக்கம். இந்த வாரத் தள்ளுபடிக்காகப் பிராண்ட் மாறியவர்களில் கொஞ்சம் பேர், விலை பழையபடி ஏறிய பிறகும் அதிலேயே தங்குகிறார்கள். பழைய அத்தியாயத்தை அழித்துவிட்டு, அந்தக் கொஞ்சத்தை வைத்துப் புதிதாக எழுதினேன்.