எந்தப் படியில் விழுந்தார்?

எங்கள் ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். புத்தகத்தில், அதாவது அடிபட்டு வருபவர்களைப் பற்றி டாக்டர் எழுதும் விபத்துப் பதிவேட்டில், நான் எழுதிய ஒரு வரி இன்னும் என்னை விடவில்லை. படியில் தவறி விழுந்ததாகக் கூறுகிறார். அவ்வளவுதான். நேரம், கையெழுத்து, முத்திரை எல்லாம் சரியாக இருக்கின்றன. பொய் எழுதினேன் என்று யாரும் என்னைப் பிடிக்க முடியாது, ஏனென்றால் அவர் அப்படித்தான் சொன்னார்.

2023-ல் ஒரு ராத்திரி, இரண்டரை மணி. இரண்டு திருநங்கைகள் இன்னொரு திருநங்கையைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். இடது முன்கை வீங்கியிருந்தது. உட்காரச் சொன்னேன், உட்கார முடியவில்லை. திரையை இழுத்துவிட்டுக் குப்புறப் படுக்க வைத்துப் பார்த்தேன். இரண்டு தொடைகளின் பின்புறமும் கோடு கோடாகக் கன்றியிருந்தது. ஒவ்வொன்றும் இரட்டைக் கோடு, நடுவில் வெளிறிய பட்டை. உருண்டையான தடி வேகமாக விழுந்தால் அது பட்ட இடத்து ரத்தம் இரண்டு பக்கமும் ஒதுங்கி ஓரங்களில் கசியும், பார்க்கத் தண்டவாளம் மாதிரி இருக்கும். தடயவியல் மருத்துவம் படித்த எவருக்கும் இது தெரியும். படிக்கட்டு அப்படி அடிக்காது.

"எப்படி அடிபட்டது?"

"விழுந்துட்டேன் மேடம்."

"எங்க?"

"படில."

"எந்தப் படி?"

அவர் பதில் சொல்லவில்லை. கூட வந்தவர்களில் மூத்தவரை அவர் அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மாதான் சொன்னார்: "மேடம், நாளைக்கும் நாங்க அதே ரோட்டுலதான் நிக்கணும். விழுந்துட்டதாவே எழுதிக்குங்க."

எழுதினேன்.

இதை எத்தனையோ தடவை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு நியாயம் கிடைத்துவிடும். நோயாளி சொல்வதை எழுதுவதுதான் என் வேலை, யார் அடித்தது என்று தீர்ப்புச் சொல்வது இல்லை. போலீஸ் அடித்ததாக எழுதினால் அந்த இண்டிமேஷன், அதாவது ஆஸ்பத்திரி அனுப்பும் தகவல், எங்கே போகும்? போலீசுக்குத்தான். எங்கள் வளாகத்திலேயே இருக்கும் போலீஸ் அவுட்போஸ்ட்டுக்குப் போய், அங்கிருந்து அடித்தவர்கள் இருக்கும் ஸ்டேஷனுக்கே போகும். அப்படியிருக்க, அந்த அம்மா சொன்னதை நான் எப்படித் தள்ள முடியும்? பாலியல் தொழிலுக்காக அவர்கள் நிற்கும் அந்த ரோடு அவருக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது.

ஆனால் நான் கேட்டபோது அவுட்போஸ்ட் காவலர் திரை ஓரமாக நின்றிருந்தார். அவர் மிரட்டவில்லை, முறைக்கவும் இல்லை. வழக்கம்போல விவரம் குறித்துக்கொள்ள நோட்டோடு நின்றார். நல்ல மனிதர், குடித்துவிட்டு வந்து கலாட்டா செய்பவர்களிடமிருந்து எங்கள் சிஸ்டர்களைப் பல தடவை காப்பாற்றியவர். இருந்தாலும் காக்கிச் சட்டை கேட்டுக்கொண்டிருக்க, காக்கிச் சட்டை அடித்ததா என்ற கேள்விக்கு வேறு என்ன பதில் வரும்? அடிபட்டவரைத் தனியாக வைத்துக் கேட்டிருந்தால் வந்திருக்கும் பதில் அது இல்லை.

இதைக்கூடக் கவனக்குறைவு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அடுத்ததை அப்படிச் சொல்ல முடியாது.

எக்ஸ்ரே வருவதற்குள் காவலர் டீ குடிக்கப் போய்விட்டார். பத்து நிமிஷம் இருக்கும். நான் எதுவும் கேட்கவில்லை. டி.டி. ஊசி எப்போது போட்டது, சர்க்கரை இருக்கிறதா என்பதையெல்லாம் கேட்டேன், அதை மட்டும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார், மெதுவாக, முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு. ரோட்டில் நின்றவரை ஜீப்பில் ஏற்றினார்கள். போனைத் தரையில் போட்டு உடைத்தார்கள். பையைக் கொட்டிப் பார்த்தார்கள், காண்டம் பாக்கெட்டுகள் இருந்தன, அதற்குத் தனியாக அடி. ஆம்பளையா பொம்பளையா என்று கேட்டு ஆடையை அவிழ்க்கச் சொன்னார்கள். அடியைத் தடுக்கக் கையைத் தூக்கினார். பிறகு, போ என்று வெளியே விட்டுவிட்டார்கள். அந்தக் காண்டம் பாக்கெட்டுகள் எங்கள் ஆஸ்பத்திரியின் எச்.ஐ.வி. ஆலோசனைப் பிரிவான நம்பிக்கை மையத்தில் கொடுத்தவை.

சொல்லி முடித்ததும் திரும்பி என்னைப் பார்த்தார். எழுதச் சொல்லவில்லை. எழுத வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அந்தப் பார்வைக்கு நான் கொடுத்த பதில், "சரி, கையை அசைக்காதீங்க, கட்டுப் போட்டுடலாம்."

ஏ.ஆர். அதற்குள் எழுதி முடித்தாயிற்று. மாற்ற வேண்டுமானால் அடித்துத் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். அது பெரிய வேலை இல்லை, தினமும் செய்வதுதான். வெளியே நெஞ்சுவலி கேஸ் ஒன்று காத்திருந்தது உண்மை. ஆனால் அதைவிட உண்மை ஒன்று உண்டு. விழுந்துட்டேன் என்று அவர் முதலில் சொன்னபோதே எனக்கு நிம்மதியாக இருந்தது. கோர்ட்டுக்கு அலைய வேண்டாம், எந்த இன்ஸ்பெக்டரும் போன் செய்ய மாட்டார். அவருடைய பயத்துக்கு மதிப்புக் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன். என் பயமும் அதே பக்கம்தான் சாய்ந்திருந்தது.

எக்ஸ்ரேயில் முன்கையின் இரண்டு எலும்புகளில் சுண்டுவிரல் பக்கம் இருக்கும் அல்னா நடுவில் உடைந்திருந்தது, மற்றதான ரேடியஸில் கீறல்கூட இல்லை. கீழே விழுந்து கையை ஊன்றுபவர்களுக்குப் பெரும்பாலும் மணிக்கட்டுப் பக்கம்தான் உடையும். அல்னா மட்டும் நடுவில் உடைவது, அடியை மறிக்கக் கையைத் தூக்கியவர்களுக்கு. ஆங்கிலப் பாடநூல்களில் இந்த முறிவுக்குப் போலீஸ் தடியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். எலும்பு முறிவு என்பதால் சட்டப்படி கொடுங்காயம். அதைப் பதிவு செய்தேன். தொடையில் இருந்ததை மட்டும் பல கன்றல் காயங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அளவு எழுதவில்லை, இரட்டைக் கோடு என்று எழுதவில்லை.

ஃபிட், அதாவது சிறைக்கு அனுப்பும் அளவுக்கு உடல்நிலை சரி என்ற சான்றிதழ், கேட்டு யாராவது வந்திருந்தால் நான் நிச்சயம் மறுத்திருப்பேன். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் அடித்ததில் தந்தையும் மகனும் இறந்த பிறகு, சிறைக்கு அனுப்பச் சான்றிதழ் கொடுப்பது என்றால் என்னவென்று எங்கள் எல்லாருக்கும் உறைத்திருந்தது. ஆனால் இங்கே யாரும் ஃபிட் கேட்கவில்லை. கைது என்ற ஒன்றே நடக்கவில்லை. கைது செய்திருந்தால் 1996-ல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி கைதுக் குறிப்பு இருந்திருக்கும், உடலில் உள்ள காயங்களைக் குறித்திருக்க வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பார்த்திருக்க வேண்டும். பொது இடத்தில் கலாட்டா செய்ததாக 75-வது பிரிவில் ஒரு சின்ன வழக்குப் போட்டிருந்தால்கூட எங்கோ ஒரு நம்பர் இருந்திருக்கும். பாலியல் தொழில் செய்பவர்களைப் பிடித்து, அடித்து, வழக்கில்லாமல் விட்டுவிடும்போது எதுவுமே மிஞ்சுவதில்லை. அந்த ராத்திரி நடந்ததற்கு உலகத்தில் இருக்கும் ஒரே காகிதம் என் ஏ.ஆர். என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

அதற்குப் பிறகு நிறையப் படித்தேன். எனக்குச் சாதகமாக ஏதாவது இருக்கிறதா என்று தேடித்தான் தொடங்கினேன். 2006-ல் சென்னையில் ஒரு திருநங்கையைத் திருட்டுச் சந்தேகத்தில் பிடித்து ஸ்டேஷனில் பாலியல் சித்திரவதை செய்ததில் அவர் தீக்குளித்து இறந்திருக்கிறார். அவருடைய சகோதரி போட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2007-ல் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம், பாலியல் தொழிலாளர்களைப் போலீஸ் வாயாலோ கையாலோ துன்புறுத்தக் கூடாது, காண்டம் வைத்திருப்பதைக் குற்றமாகவோ சாட்சியாகவோ எடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. அதே 2022-ல் தமிழ்நாட்டில் காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்று ஒன்றைச் சேர்த்தார்கள், திருநங்கைகள் உள்ளிட்ட பால்புதுமையினரைத் துன்புறுத்தக் கூடாது என்று. திருநர் உரிமைப் பாதுகாப்புக்கான 2019 சட்டத்தின் 18-வது பிரிவும் இருக்கிறது. திருநங்கையை அடித்தாலும் பாலியல் வன்முறை செய்தாலும் அதில் அதிகபட்சம் 2 வருஷம்தான். பெண்ணைப் பாலியல் வல்லுறவு செய்தால் குறைந்தபட்சமே 10 வருஷம். இதை எப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை.

படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. இத்தனை விதிகளும் கேட்பது ஒரு காயக் குறிப்பைத்தான். அது யார் கையில் இருந்தது?

நாலு மாதம் கழித்து அவர் வந்தார். ஒரு வக்கீல் கிடைத்திருக்கிறார், மாநில மனித உரிமை ஆணையத்துக்கு மனுப் போடப் போகிறார்கள், ஒரு வருஷத்துக்குள் போட வேண்டுமாம், ஏ.ஆர். நகல் வேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்தேன். நின்ற இடத்திலேயே எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"விழுந்ததா இருக்கு மேடம்."

நான் என்ன சொல்வதென்று தெரியாமல், "நீங்க அப்படித்தானே..." என்று ஆரம்பித்தேன்.

"ஆமா மேடம், நான்தான் சொன்னேன்."

கோபமே இல்லை அதில். நகலை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். கோபப்பட்டிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். வக்கீல் அழைத்தால் எலும்பைப் பற்றி வந்து சொல்கிறேன் என்று சொல்லத் தோன்றியது. அவர் கேட்டைத் தாண்டிய பிறகுதான் தோன்றியது. யாரும் அழைக்கவில்லை.

அன்றிலிருந்து யார் அடிபட்டு வந்தாலும் காக்கிச் சட்டையை வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்கிறேன். காயத்தின் நீளம், அகலம், கோடு எல்லாம் எழுதுகிறேன். பயிற்சி மருத்துவர்களுக்கும் அப்படியே சொல்லிக் கொடுக்கிறேன். இதுதான் சரியான வழி என்று எழுதி இந்தக் கட்டுரையை முடித்திருப்பேன், போன வருஷம் அந்த இன்னொரு ராத்திரி வராமல் இருந்திருந்தால்.

அவரும் திருநங்கைதான், வயது இருபதுகூட இருக்காது. தலையில் அடி. திரைக்குள் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். கேட்டேன், சொன்னார். அடையாளம் தெரிந்த இரண்டு காவலர்கள் லத்தியால் தாக்கியதாகக் கூறுகிறார் என்று எழுதினேன். ஒவ்வொரு கன்றலையும் அளந்தேன். இதை அவுட்போஸ்ட்டுக்கு அனுப்பியாக வேண்டும், அதுதான் விதி, பயப்படாதே, நான் இருக்கிறேன் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். தலையாட்டினார்.

காலை ஐந்து மணிக்குப் படுக்கை காலி. டிரிப் ஊசியை அவரே பிடுங்கிவிட்டுப் போயிருந்தார். தலைக்கு எழுதிக் கொடுத்த ஸ்கேன் எடுக்கவே இல்லை. அப்ஸ்காண்டட், சொல்லாமல் போய்விட்டார், என்று சிஸ்டர் கேஸ் ஷீட்டில் எழுதினார். அந்த ஏ.ஆர். ஒரு குறையும் இல்லாமல் அலமாரியில் இருக்கிறது. நகல் கேட்டு இதுவரை யாரும் வரவில்லை. அவர் எங்கே இருக்கிறார், தலைக்காயம் என்ன ஆனது என்று தெரியவில்லை.

முதலாமவரின் பார்வையை நான் சரியாகப் படிக்கவில்லை என்று இத்தனை நாள் வருத்தப்பட்டேன். இப்போது இவருடைய தலையாட்டலும் சேர்ந்துகொண்டது. அது சம்மதமா, அல்லது இந்த டாக்டர் எப்போது நகர்ந்து போவார் என்று காத்திருந்ததா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.