மார்கழி சீசன்: பெயரைத் துரத்தாதீர்கள், பேட்டையைப் பிடியுங்கள்

சென்னையின் மார்கழி இசை விழாவுக்கு இசைச் சபாக்களின் நிகழ்ச்சி நிரல் கைக்கு வந்ததும் பிடித்த பாடகர்களின் பெயர்களை வட்டமிட்டுவிட்டு, சீசன் திட்டம் முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். நான்கு மணிக்கு தி.நகர் வாணி மகால், ஆறரைக்கு மயிலாப்பூர் என்று போட்டு வைத்தால், ஆட்டோ ஜி.என். செட்டி சாலையைத் தாண்டுவதற்குள் மயிலாப்பூரில் கச்சேரியின் தொடக்க உருப்படியான வர்ணம் முடிந்திருக்கும்.

ஒரு நாளைக்கு ஒரு பேட்டை போதும். மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும் டி.டி.கே. சாலையிலேயே இருப்பதால் நடந்துவிடலாம். மயிலாப்பூர் என்றால் ரசிக ரஞ்சனி சபா, கிழக்கு மாட வீதியில் பாரதிய வித்யா பவன். பறக்கும் ரயிலில் திருமயிலையில் இறங்கினால் லஸ் பக்கத்து மெட்ரோ பணி நெரிசலில் சிக்க வேண்டாம். கிருஷ்ண கான சபாவுக்கும் வாணி மகாலுக்கும் மாம்பலம் நிலையம். தமிழ்ப் பாடல்களை மட்டுமே கேட்க விரும்பினால், தமிழ் இசைச் சங்கத்தின் விழா நடக்கும் ராஜா அண்ணாமலை மன்றத்துக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். அது பாரிமுனைப் பக்கம். அதை மயிலாப்பூரோடு முடிச்சுப் போடக் கூடாது.

ஒரே பாடகர் சீசனில் பல சபாக்களில் பாடுவார். ஒரு இடத்தில் டிக்கெட் கிடைக்காவிட்டால் இன்னொரு இடம். இரண்டு தேதிகளில் எது என்று கேட்டால் முதல் தேதிதான். பனியும் தூசியும் தினக் கச்சேரியும் சேர்ந்து, மாதக் கடைசியில் பல தொண்டைகள் கட்டிப்போயிருக்கும்.

மாலைக் கச்சேரிக்கு அடித்துக்கொள்பவர்கள் பிற்பகலை விட்டுவிடுகிறார்கள். அகாடமியில் மதிய நேர இளைஞர் கச்சேரிகள் இலவசம். காலை எட்டு மணி வாக்கில் நடக்கும் விளக்கவுரைகளும் அப்படியே. நான்கு மணிக்காரர்கள் மாலைக்கு உயர்வதற்காகப் பாடுபவர்கள், அதனால் ராகத்தில் சோம்பல் இருக்காது. சீசனில் உருப்படியாகக் கேட்பதில் பாதி இந்த நேரத்தில்தான் கிடைக்கும்.

இரண்டரை மணி நேரக் கச்சேரியில் பிரதான உருப்படி பெரும்பாலும் ஒன்றேகால் மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும். எனவே தாமதமாகிவிட்டால் பதற வேண்டாம். பாட்டு முடியும்வரை கதவருகே நின்று, கைதட்டலில் உள்ளே போங்கள். சொற்களின்றி ராகத்தை விரிக்கும் ஆலாபனை நடுவே முழங்கால்களைத் தாண்டிக்கொண்டு இருக்கை தேடுவது பாவம். தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து கேன்டீனுக்கு ஓடுவது அதைவிடப் பெரிய பாவம், வழக்கமாகவே ஆகிவிட்டாலும்.

இருக்கை எந்தப் பக்கம்? வலக்கை மிருதங்க வித்வான், வலக்கையால் வாசிக்கும் முகமான வலந்தலை சபையைப் பார்க்கும்படி பாடகரின் வலப்பக்கம், அதாவது நமக்கு இடப்பக்கம் உட்காருவார். விரல்களைப் பார்க்க வேண்டுமா, இடப்பக்கம் வாங்குங்கள். வயலின் வில்லுக்கு வலப்பக்கம். இடக்கை வித்வான் வந்தால் இரண்டும் மாறிவிடும். முதல் வரிசையில் ஒலிபெருக்கிக்கு நேரே மட்டும் உட்காராதீர்கள். மிருதங்கத்தின் கனத்த ஒலி தரும் மறுமுகமான தொப்பி காதை அடைத்து, தம்புரா சுருதியே கேட்காது.

கேன்டீனுக்கு டிக்கெட் தேவையில்லை. சாப்பிட மட்டும் வருபவர்களும் உண்டு. நான்கு மணிக் கச்சேரி முடிவதற்கும் மாலைக் கச்சேரி தொடங்குவதற்கும் இடைப்பட்ட நேரத்தில்தான் கூட்டம் நெரியும். மூன்றரைக்கே டிபனை முடித்துவிடுவது உத்தமம்.

ஏசி அரங்கில் இரண்டரை மணி நேரம் குளிரும், சால்வை வேண்டும். வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் கொட்டும், குடையும் வேண்டும். வைகுண்ட ஏகாதசியன்று திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் பக்கம் வண்டியை எடுக்காதீர்கள்.

இந்த விழா டிசம்பரில் வருவதற்குக் காரணம் 1927இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாடு. அதையொட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்துதான் அடுத்த ஆண்டு அகாடமி பிறந்தது. ஜனவரி 1 அன்று அகாடமி விருதுகள் வழங்கும் சதஸோடு எல்லாம் முடிந்தது என்று ஊர் திரும்புபவர்கள் அகாடமியின் நாட்டிய விழாவைத் தவறவிடுகிறார்கள். அது அதற்குப் பிறகு, ஜனவரி முதல் வாரத்தில்தான். பரதம் பார்க்க வருபவர்கள் பயணத்தைப் பின்னுக்குத் தள்ளிப் போடலாம், அல்லது டிசம்பர் கடைசியில் கிருஷ்ண கான சபாவின் நாட்டிய கலா மாநாட்டைச் சேர்த்துக்கொள்ளலாம்.