அணில், தக்காளி, நடுவில் ஒரு அகராதி

மாடியில் 12 தொட்டி தக்காளி. காய் பச்சையாக இருக்கிற வரைக்கும் எட்டிக்கூடப் பார்க்காத அணில், சிவந்த மறுநாள் காலையில் சரியாக வந்து ஒரு கடி கடித்துவிட்டு மிச்சத்தை அப்படியே போட்டுவிட்டுப் போகும். முழுசாகத் தின்றாலாவது மனசு ஆறும்.

வலை கட்டினேன், கடித்து ஓட்டை போட்டது. இரண்டு சுற்றுக் கட்டினேன், அடியில் புகுந்தது. பழைய சிடியைத் தொங்கவிட்டதற்கு மூன்று நாள் பயந்தது, நாலாவது நாள் அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தின்றது.

நேர்வழியை விட்டு வேறு கோணத்தில் யோசிப்பதற்கு எட்வர்ட் டி போனோ என்ற எழுத்தாளர் 1967இல் பக்கவாட்டுச் சிந்தனை (lateral thinking) என்று பெயர் வைத்தார், அதில் ஒரு வழி உண்டு. பிரச்சினைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சொல்லைக் குருட்டாம்போக்கில் எடுத்து, இரண்டையும் எப்படியாவது முடிச்சுப் போட்டுப் பார்ப்பது. கிறுக்குத்தனம்தான், ஆனால் வலைக்குச் செலவழித்த காசுக்கு இது இலவசம். கண்ணை மூடி அகராதியைத் திறந்தேன். முதலில் வந்தது 'தவில்'. சத்தம் போட்டு விரட்டலாம் என்று தோன்றியது, அதுவும் பழையபடி விரட்டுகிற வேலைதான். அடுத்தது 'வைக்கோல்'. கால் மணி நேரம் சோளக்கொல்லை பொம்மையைத் தாண்டி எதுவும் ஓடவில்லை. அப்புறம்தான் ஊரில் பாட்டி முற்றின மாங்காயைப் பறித்து வைக்கோலில் போட்டுப் பழுக்க வைப்பது ஞாபகம் வந்தது. தக்காளி செடியிலேயே சிவக்க வேண்டும் என்று யார் சொன்னது? நான் இத்தனை நாள் அணிலை நிறுத்தத்தான் பார்த்தேனே தவிர, சிவப்பை அதன் கண்ணில் படாமல் செய்யலாம் என்று யோசிக்கவே இல்லை.

அடி நுனியில் லேசாக வெளிறி இளஞ்சிவப்பு தட்டியதுமே பறித்து, அட்டைப்பெட்டியில் செய்தித்தாள் விரித்து, கூடவே ஒரு பழுத்த வாழைப்பழத்தையும் வைத்து மூடினேன். பழுத்த வாழைப்பழம் விடுகிற எத்திலீன் வாயு பக்கத்துக் காயையும் பழுக்க வைக்கும். வெயில் வேண்டாம், ஆனால் ஃபிரிட்ஜில் வைத்துவிடாதீர்கள், குளிரில் பழுப்பது நின்றுவிடும். ஐந்தாம் நாள் திறந்தால் எட்டில் ஆறு நல்ல சிவப்பு. மீதி இரண்டும் ஆசையில் பச்சையாகவே பறித்தவை, சுருங்கிப்போனது என் தப்பு.

ருசி? ரசத்தில் வித்தியாசம் தெரியவில்லை. பச்சையாக நறுக்கித் தின்றால் செடியில் பழுத்ததற்கு ஒரு படி கீழேதான்.

மூன்று வாரமாக ஒரு தக்காளியும் கடிபடவில்லை. அணில் இப்போது கொய்யாவுக்கு மாறியிருக்கிறது, அதற்கு இன்னும் அகராதியைத் திறக்கவில்லை.