குறைமாசக் குழந்தைக்குக் கண் பரிசோதனை: 30 நாள் கணக்கு டிஸ்சார்ஜ் தேதியிலிருந்து இல்லைங்க

பாப்பா பிறந்தது 30 வாரத்தில், 1,350 கிராம். ஈரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் 26 நாள் என்.ஐ.சி.யு., அதாவது பச்சைக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு. அந்தக் கதை தனி. வீட்டுக்கு வந்தப்புறம் நடந்ததை நினைச்சாத்தான் இன்னும் வயிறு எரியுது.

டிஸ்சார்ஜ் அன்னிக்கு பில், சொட்டு மருந்து, தடுப்பூசி எல்லாம் விளக்கினாங்க. கண்ணைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் கோபி பக்கம் எங்க ஊட்டுக்கு எடை பார்க்க வந்த நர்ஸக்காதான், "கண்ணு காட்டியாச்சுங்களா தம்பி?"ன்னு கேட்டாங்க. "நல்லாத்தானுங்க்கா முழிச்சுப் பார்க்குது"ன்னேன். டிஸ்சார்ஜ் ஷீட்டை வாங்கி நாலாம் பக்கம் திருப்பினாங்க. கடைசி வரியில் 'ஆர்.ஓ.பி. ஸ்கிரீனிங்'. குறைமாசக் குழந்தைக்கு விழித்திரையில் ரத்தக் குழாய் சரியா வளராம வர்ற கண் நோய் இருக்கான்னு பார்க்கிற பரிசோதனை. எதிரே தேதி போடற இடம் காலி.

34 வாரத்துக்கு முன்னால் பிறந்தாலோ 2 கிலோவுக்குக் கீழே இருந்தாலோ, பிறந்த 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தே ஆகணும். 28 வாரத்துக்கும் முன்னால், இல்லை 1,200 கிராமுக்கும் கீழேன்னா 2, 3 வாரத்திலேயே. எங்களுக்கு அன்னிக்கு 27-ஆம் நாள்.

அடுத்த நாளே கார் பிடிச்சு சத்தி, அன்னூர் வழியா கோவை. டோக்கன் கொடுத்து ரெண்டு மணி நேரம் உட்கார வெச்சுட்டு, "குறைமாசக் குழந்தை பார்க்கிற டாக்டர் நாளைக்குத்தான் வருவாங்க"ன்னாங்க. டோக்கன் கொடுக்கறப்பவே சொல்லித் தொலைச்சா என்னவாம்? போன் போட்டுக் கேட்டுட்டுக் கிளம்புங்க. பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே பால் கொடுத்து முடிச்சிருங்க, இல்லாட்டி வாந்தி எடுத்துரும்.

29-ஆம் நாள் பார்த்தாச்சு. பாப்பாவைத் துணியில் இறுக்கிச் சுத்தி, சின்னக் கம்பி வெச்சு இமையை விரிச்சாங்க. அழுத அழுகையில் என் வீட்டுக்காரி வெளியே போயிட்டா. ரத்தக் குழாய் விழித்திரை ஓரம் வரைக்கும் இன்னும் வளரலை, ரெண்டு வாரம் கழிச்சு வாங்கன்னாங்க. கர்ப்ப வாரத்தை அப்படியே தொடர்ந்து எண்ணினா 36-ஆம் வாரத்தில், நோயோட முதல் நிலைன்னாங்க. அந்த ராத்திரி எங்களுக்குத் தூக்கமே இல்லை. 38-இல் அடங்க ஆரம்பிச்சுது. 41-இல் குழாய் முழுசா வளர்ந்திருச்சு. லேசர் சிகிச்சை வரைக்கும் போகலை. லேசர் தேவைன்னு சொல்லிட்டா ரெண்டு மூணு நாளுக்குள்ள பண்ணியாகணுமாம், தள்ளக்கூடாது.

டாக்டர் ஒவ்வொரு தடவையும் கேட்டது ஒரே கேள்விகள்தான். ஆக்சிஜன் எத்தனை நாள், ரத்தம் ஏத்துனாங்களா, கிருமித்தொற்று வந்துதா, எடை ஏறுதா, தாய்ப்பாலா? அப்பத்தான் அந்த என்.ஐ.சி.யு. ராத்திரி நர்ஸ் ஞாபகம் வந்துச்சு. பாப்பா கால்ல சிவப்பு வெளிச்சம் எரிய, மானிட்டர் ரத்தத்து ஆக்சிஜன் அளவை 99-ன்னு காட்டும். எனக்கு ஒரே சந்தோஷம். அவங்களோ ஓடி வந்து ஆக்சிஜனைக் குறைப்பாங்க. "100 நல்லதில்லீங்களா?"ன்னா, "ஆக்சிஜன் வெச்சிருக்கறப்ப 90-லருந்து 95 போதுங்கண்ணா, எச்சாப் போனா கண்ணுக்கு ஆகாது"ன்னாங்க. நான் திட்டற ஆஸ்பத்திரியில்தான் அவங்களும் இருந்தாங்க, சொல்லாம இருக்க முடியலை.

என் வீட்டுக்காரி மூணு மணிக்கு ஒருக்கா பால் பீய்ச்சிக் கொடுத்தா. கங்காரு மாதிரி நெஞ்சோடு வெச்சுக்கறதுக்கு மாமியார், "பச்சப் புள்ளைக்குச் சட்டை போடாமயா?"ன்னு சண்டை போட்டாங்க, எடை ஏறினதும் வாயை மூடிக்கிட்டாங்க. இதில் எது காப்பாத்துச்சுன்னு கேட்டேன். "எல்லாம் சேர்ந்து உதவியிருக்கலாம், தனியாப் பிரிச்சுச் சொல்ல முடியாது. இதையெல்லாம் நம்பிப் பரிசோதனைக்கு வராம மட்டும் இருந்துராதீங்க"ன்னார் டாக்டர்.

போன வாரம் ஈரோடு போனப்ப, டிஸ்சார்ஜ் ஷீட்டில் காலியா இருந்த இடத்தில் நானே தேதியை எழுதி, ஜெராக்ஸ் எடுத்து அந்த ரிசப்ஷனில் கொடுத்தேன். வாங்கிப் படிக்காமலே டிராயரில் போட்டுக்கிட்டாங்க.